கால் ஏக்கர்: 1847ல் பசியை வைத்து நிலம் வாங்கிய சட்டப் பிரிவு

நுவரெலியாவுக்குப் போனவர்கள் கிரெகரி ஏரியைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைபவர்கள் வாசலில் நிற்கும் சிலையைக் கடந்துதான் போக வேண்டும். ஏரியின் பெயரும் சிலையும் ஒரே மனிதருடையவை. சர் வில்லியம் கிரெகரி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். அருங்காட்சியகத்தைத் திறந்தவர், வட மத்திய மாகாணத்தை உருவாக்கியவர், பழைய குளங்களைச் சீர்செய்ய முனைந்தவர். இலங்கை வரலாற்றில் அவருக்கு நல்ல பெயர்தான்.

அதே பெயரை அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் சொன்னால் வேறொன்று நினைவுக்கு வரும். இலங்கைக்கு வருவதற்கு 25 ஆண்டுகள் முன்பு, பெரும் பஞ்சத்தின் நடுவில், அவர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த ஒரு திருத்தம். சட்டத்தில் அதற்கு எண் 10. மக்கள் வாயில் அது ‘கிரெகரி பிரிவு’, அல்லது ‘கால் ஏக்கர் பிரிவு’. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவருக்கும், ஏழைகள் நிவாரண வரியிலிருந்து ஒரு பிடி மாவுகூடக் கிடையாது என்பதே அதன் சாரம். நம் கணக்கில் 25 சென்ட்.

இந்த ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்த விவாதத்திலிருந்து பிறந்தது, எப்படி வேலை செய்தது, யாரை என்ன செய்தது என்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பஞ்ச நிவாரணம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எவ்வளவு கொடுத்தார்கள் என்றே கேட்கிறோம். என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்ற கேள்வி அதைவிடக் கனமானது என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தப் பிரிவுதான்.

ஏழைக்கு உரிமை உண்டா?

பஞ்சத்துக்கு முன்பே அயர்லாந்தைப் பற்றிய பெரிய விவாதம் இதுதான். இங்கிலாந்தில் ஏழைகளுக்கு நிவாரணம் தரும் சட்டம் எலிசபெத் காலத்திலிருந்தே உண்டு. அயர்லாந்தில் 1838 வரை இல்லை. 1833ல் டப்ளின் பேராயர் ரிச்சர்ட் வேட்லி தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்று ஆண்டு விசாரித்த பிறகு அந்தக் குழு சொன்னது: ஆண்டில் 30 வாரம் வேலையின்றித் தவிப்பவர்களும் அவர்களை நம்பியிருப்பவர்களும் சேர்ந்து 23,85,000 பேர். இவர்கள் சோம்பேறிகள் அல்லர், இவர்களுக்கு வேலையே இல்லை. வேலை கிடைக்காத நாட்டில் ஏழைகளை விடுதியில் அடைத்துப் பயனில்லை. தரிசு நிலத்தைத் திருத்துங்கள், பொதுப்பணிகளைத் தொடங்குங்கள், வெளிநாடு போக விரும்புவோருக்கு உதவுங்கள்.

அரசுக்கு இந்த அறிக்கை பிடிக்கவில்லை. ஜார்ஜ் நிக்கல்ஸ் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். அவர் சில வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கிலாந்து முறையே இங்கும் ஒத்துவரும் என்று எழுதிக் கொடுத்தார். அதுவே 1838ல் சட்டமானது. நாட்டை 130 ஒன்றியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ‘வொர்க்ஹவுஸ்’ கட்டினார்கள். பெயர் வேலை விடுதி. நடைமுறையில் உயர்ந்த மதில் சூழ்ந்த கல் கட்டடம். கணவன், மனைவி, பிள்ளைகள் உள்ளே போனதும் தனித்தனிப் பகுதிகளுக்குப் பிரிக்கப்படுவார்கள். வேறு வழியே இல்லாதவன்தான் அங்கே வர வேண்டும் என்று யோசித்துத்தான் அதை அப்படி அமைத்தார்கள். எல்லா விடுதிகளிலும் சேர்த்துச் சுமார் ஒரு லட்சம் பேருக்கே இடம். இங்கிலாந்துச் சட்டத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அயர்லாந்து ஏழைக்கு நிவாரணம் பெறும் உரிமை எழுதப்படவில்லை. இடம் இருந்தால் சேர்ப்பார்கள், அவ்வளவுதான்.

செலவை உள்ளூர் நில வரியிலிருந்து எடுத்தார்கள். அயர்லாந்தின் வறுமையை அயர்லாந்தின் சொத்தே தாங்கட்டும் என்பது லண்டனில் அடிக்கடி கேட்ட முழக்கம். 1843க்குப் பிறகு, ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்கும் குறைவான நிலங்களுக்குரிய வரி முழுவதையும் நிலச்சுவான்தாரே கட்ட வேண்டும் என்றானது. சிறு குடியானவருக்குச் சலுகையாக வந்த மாற்றம் இது. பஞ்சம் வந்தபோது அவருக்கே எதிராகத் திரும்பியது. ஏனென்றால், பண்ணையில் சிறு குத்தகைக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, நிலச்சுவான்தாருக்கு அத்தனை வரிச் சுமை. அவர்களை அகற்றினால் சுமை குறையும்.

உருளைக்கிழங்கும் பன்றியும்

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 81,75,124. கீழ்த்தட்டில் இருந்தவர்களுக்கு உருளைக்கிழங்கே மூன்று வேளையும். உடலுழைப்பாளி ஒருவர் நாளுக்கு 12, 14 பவுண்டு கிழங்கு சாப்பிட்டார். கூடவே கொஞ்சம் மோர். ஒரு ஏக்கர் கிழங்கு ஒரு குடும்பத்தை ஆண்டின் பெரும்பகுதிக்குக் காப்பாற்றும். ஓட்ஸ் விளைந்தால் அது விற்பனைக்கு. பன்றி வளர்ந்தால் அதுவும் விற்பனைக்கு. இரண்டும் குத்தகைப் பணம். பன்றியை ‘குத்தகை கட்டும் கனவான்’ என்றே அங்கே சொல்வார்கள்.

1845 செப்டம்பரில் கருகல் நோய் வந்தது. 1846ல் விளைச்சல் அனேகமாக முழுவதும் போனது. 1847ல் நோய் குறைவு, ஆனால் விதைக் கிழங்கையும் தின்றுவிட்டதால் நட்டதே கொஞ்சம். 1848ல் மறுபடியும் நோய். (அது ஒரு பூஞ்சை என்று 1846லேயே வாதிட்ட பாதிரியார் மைல்ஸ் பெர்க்லிதான், 1869ல் இலங்கையின் காப்பித் தோட்டங்களைத் தாக்கிய இலைநோயின் பூஞ்சைக்கும் பெயரிட்டவர். கிரெகரி ஆளுநராக வந்திறங்கியது அந்த நோய் பரவிக்கொண்டிருந்த மலைநாட்டுக்கு.)

1846–47 குளிர்காலத்தில் அரசு சாலை போடும் வேலைகளைத் திறந்தது. 1847 மார்ச்சில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பனியில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கூலி உணவு விலையை எட்டவில்லை. வேலைக்கு நடந்து வரும் வழியிலேயே மனிதர்கள் விழுந்தார்கள். இது தோற்றுவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. 1847 ஜூலையில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் அங்கே உண்டார்கள். செலவு சுமார் 17 லட்சம் பவுண்டு. சாலைப் பணிகளுக்குக் கொட்டியதில் பாதிகூட இல்லை. அந்த ஆண்டுகளில் அரசு செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பது என் கருத்து. சாப்பிட வந்தவரிடம் உன் நிலத்தைக் கொடுத்துவிட்டு வா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆனால் கஞ்சித்தொட்டி தற்காலிகம் என்று முதல் நாளே தீர்மானித்திருந்தார்கள். அறுவடையோடு அதை மூடிவிட்டு, பொறுப்பு முழுவதையும் உள்ளூர் ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் தலையில் கட்டுவது திட்டம். அதற்காக அந்தச் சட்டத்தை விரிவாக்கி, விடுதிக்கு வெளியிலும் உணவு கொடுக்கலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். நிலச்சுவான்தார்கள் பதறிப்போனார்கள். வெளியில் நிற்கும் லட்சக்கணக்கானவர்களுக்கும் வரியிலிருந்தே சோறு போட்டால் நாங்கள் திவாலாகிவிடுவோம் என்றார்கள். அந்தப் பதற்றத்துக்குக் கிடைத்த மருந்தே கிரெகரியின் திருத்தம்.

117க்கு 7

1847 மார்ச் மாதம். கிரெகரி டப்ளின் நகரத்தின் உறுப்பினர், வயது 30. கால்வே கவுண்டியில் கூல் பார்க் அவருடைய குடும்பப் பண்ணை. அவர் முன்வைத்த வாதம் கேட்கும்போது நியாயமாகவே இருக்கும்: நிவாரணம் கதியற்றவர்களுக்கு, நிலம் வைத்திருப்பவர் கதியற்றவர் ஆகமாட்டார், நிலத்தை வைத்துக்கொண்டே பொதுச் சோற்றையும் உண்ண விட்டால் உண்மையான ஏழைக்கு மிஞ்சாது.

இப்படிச் செய்தால் சிறு விவசாயிகளே அழிந்துவிடுவார்கள் என்று அவையில் எதிர்ப்பு வந்தது. ஒரு சட்டப் பிரிவால் அழிந்துவிடக்கூடிய சிறு விவசாயிகளால் யாருக்கு என்ன பயன் என்று கிரெகரி திருப்பிக் கேட்டார். அவர் பேச்சில் இந்த ஒரு வாக்கியத்திடம்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். மோசடியைத் தடுக்கும் நிபந்தனை என்று தொடங்கிய பேச்சு, அந்தக் கேள்வியில் தன் அடிநோக்கத்தைக் காட்டிவிடுகிறது. அயர்லாந்து விவசாயம் உருப்பட வேண்டுமானால் நிலத்துண்டுகள் ஒன்றுசேர வேண்டும், ஆட்கள் குறைய வேண்டும், மிஞ்சுபவர்கள் கூலியாட்களாகவோ கப்பலேறியோ போக வேண்டும் என்று அன்றைய பொருளியலாளர்களில் பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பஞ்சம் அதற்கு ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது.

வாக்கெடுப்பில் 117 பேர் ஆதரித்தார்கள், 7 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களில் அயர்லாந்து உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. எதிர்த்த ஏழு பேரில் இருவரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஷார்மன் கிராஃபோர்ட். டவுன் கவுண்டியின் நிலச்சுவான்தார், ஆனாலும் வாழ்நாள் முழுக்கக் குத்தகைதாரர் உரிமைக்காகப் பேசியவர். இன்னொருவர் பூலெட் ஸ்க்ரோப். ஆங்கிலேயர், எரிமலைகளை ஆராய்ந்த புவியியலாளர். நிவாரணம் ஒவ்வொரு மனிதரின் உரிமை, தரிசைத் திருத்தி மக்களை அங்கேயே குடியமர்த்துங்கள் என்று பல ஆண்டுகள் எழுதியவர்.

மசோதா ஜூன் 8 அன்று சட்டமானது. அதற்குள் கிரெகரியின் வீட்டிலும் சாவு விழுந்திருந்தது. பஞ்சத்தில் வாடிய தங்கள் குடியானவர்களிடையே நடமாடிய அவருடைய தந்தை ராபர்ட் கிரெகரி, காய்ச்சல் தொற்றி ஏப்ரலில் இறந்தார். கிரெகரி தன் சொந்தக் குடியானவர்களிடம் கருணையோடு நடந்தவர் என்றே சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன். ஒரு பண்ணையில் நல்லவராக இருந்த ஒருவர் எழுதிய நான்கு வரி, அவர் கண்ணால் பார்த்தேயிராத ஆயிரம் பண்ணைகளில் என்ன செய்தது என்பதே இங்கே விஷயம்.

பிரிவு வேலை செய்த விதம்

நான்கு ஏக்கர் குத்தகைக்கு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கிழங்கு அழுகிவிட்டது. ஓட்ஸ் குத்தகைக்குப் போய்விட்டது. பன்றி இல்லை. ஐந்து பிள்ளைகள். கஞ்சித்தொட்டி மூடிவிட்டார்கள். அப்பா நிவாரணம் கேட்டுப் போகிறார். கேட்கும் முதல் கேள்வி, ‘நிலம் எவ்வளவு?’

நான்கு ஏக்கர் என்றால் பசித்திருந்தாலும் அவர் ஏழை அல்ல. உள்ளே இடம் இல்லை, வெளியே மாவும் இல்லை. மூன்றே முக்கால் ஏக்கரை நிலச்சுவான்தாரிடம் ஒப்படைத்துவிட்டால் பட்டியலில் பெயர் ஏறும். கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு கிழங்கு நன்றாக விளைந்தாலும் அது அவர் நிலத்தில் விளையாது. ஒரு குளிர்காலப் பசிக்கு, தலைமுறையாகப் பிடித்து வைத்திருந்த பிழைப்பு விலை. கால் ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்காது என்பது அந்த அளவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் தெரியும்.

நடைமுறையில் அந்தக் கால் ஏக்கரும் மிஞ்சவில்லை. வீட்டையும் அதைச் சுற்றியுள்ள கால் ஏக்கரையும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறேன் என்று வந்தவர்களை, பல பண்ணைகளின் காரியஸ்தர்கள் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்தால் எல்லாவற்றையும் கொடு, வீட்டையும் சேர்த்து. வீட்டை ஒப்படைத்ததும் கூரையைப் பிரிப்பார்கள். கூரை போனால் வீடு வரிக் கணக்கிலிருந்தும் போகும், குடும்பமும் திரும்பி வராது. நிவாரணம் கொடுக்கும் குழுவில் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1847 சட்டம், தேர்ந்தெடுக்கப்படாமலே பதவியின் பேரில் அமரும் நீதிபதிகளின் பங்கைக் குழுவில் பாதியாக உயர்த்தியிருந்தது. அந்த நீதிபதிகளில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள். குத்தகை பாக்கி கேட்பவரும், நிலத்தை ஒப்படைத்தாயா என்று கேட்பவரும் பல ஊர்களில் ஒரே வட்டத்து ஆட்கள்.

நிலத்தைக் கொடுக்க மறுத்தவர்களும் இருந்தார்கள், ஏராளமாக. இதை வாசிக்கும்போது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்: சாகும் நிலையிலும் ஏன் நிலத்தை விடவில்லை? நிலத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. விட்டால் வொர்க்ஹவுஸ், அங்கே காய்ச்சல், குடும்பம் சிதறும், வெளியே வந்தால் நிற்க இடமில்லை. கணவன் நிலத்தை விடாமலிருந்து, மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வந்து உணவு கேட்டால் என்ன செய்வது என்ற கேள்வி ஓர் ஆண்டு இழுத்தது. கணவனிடம் நிலம் இருக்கும்வரை அவர்களுக்கும் இல்லை என்றே முதலில் அனுப்பினார்கள். 1848ல்தான், சட்ட ஆலோசனை பெற்று, அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நிவாரண ஆணையர்கள் சொன்னார்கள். அதற்குள் 1847–48 குளிர்காலம் கடந்துபோயிருந்தது.

கில்ரஷ்

கிளேர் கவுண்டியில், ஷானன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே கில்ரஷ் ஒன்றியம். 1847 இறுதியில் கேப்டன் ஆர்தர் கென்னடி என்ற இராணுவ அதிகாரி அங்கே நிவாரண மேற்பார்வையாளராக வந்தார். அரசு ஆள். கலகக்காரர் அல்ல. வெளியேற்றப்பட்ட குடும்பங்களைப் பண்ணைவாரியாகக் கணக்கெழுதி டப்ளினுக்கு அனுப்பத் தொடங்கினார். இடித்த வீடுகள், வெளியே நின்றவர்கள், வரப்பு மேட்டில் குச்சிகளைச் சாய்த்துப் புல்கட்டை வேய்ந்து அதற்குள் படுத்தவர்கள். நிலச்சுவான்தார்களும் காரியஸ்தர்களும் அவர் மீது பாய்ந்தார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வெளியேற்றக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சில நாட்களில், கதவின் பின்னாலிருந்த துப்பாக்கியை எடுத்து எதிரில் வரும் முதல் நிலச்சுவான்தாரைச் சுட்டுவிடலாமா என்று தோன்றியதுண்டு என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1850ல் பூலெட் ஸ்க்ரோப் தலைமையில் நாடாளுமன்றக் குழு கில்ரஷைத் தனியாக விசாரித்ததற்கு அடித்தளம் அவருடைய அறிக்கைகள்தான்.

1849 டிசம்பரில் லண்டனின் ஒரு படப் பத்திரிகை தன் ஓவியரை அங்கே அனுப்பியது. அவர் வரைந்ததில் ஒன்று பிரிட்ஜெட் ஓடானல் என்ற பெண்ணும் அவருடைய பிள்ளைகளும். கந்தல், வெறுங்கால், எலும்பாக நீண்ட முகங்கள். படத்தோடு பிரிட்ஜெட் சொன்னதையும் அச்சிட்டார்கள்.

கணவனிடம் நாலரை ஏக்கர் நிலமும் மூன்று ஏக்கர் சதுப்பும் இருந்தன. ஆண்டுக் குத்தகை 7 பவுண்டு 4 ஷில்லிங், கொஞ்சம் பாக்கி. அறுத்துக் குவித்த ஓட்ஸைக் காவலுக்கு வைத்த ஆளே தன் களத்துக்கு எடுத்துப் போய்விட்டான். அப்போது பிரிட்ஜெட் காய்ச்சலில் கிடந்தார். ஐந்தாறு ஆட்கள் வீட்டை இடிக்க வந்து, காலி செய் என்றார்கள். மாட்டேன், எனக்குக் காய்ச்சல், பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றார். அவர் உள்ளே இருக்கும்போதே பாதி வீட்டை இடித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பாதிரியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குச் செய்யும் கடைசிப் பூசுதலைச் செய்தார். எட்டாம் நாள் குழந்தை இறந்தே பிறந்தது. குடும்பம் முழுவதும் காய்ச்சலில் கிடந்தபோது 13 வயது மகன் பட்டினியால் இறந்தான். அவர்கள் விதைத்த ஓட்ஸ் கில்ரஷ் சந்தையில் விலைபோனது.

இவரை வெளியே தள்ளியது குத்தகை பாக்கி. கால் ஏக்கர் பிரிவு நேரடியாக அல்ல. ஆனால் அந்த ஊரில் குத்தகை பாக்கி, 4 பவுண்டு வரி, கால் ஏக்கர் மூன்றும் ஒன்றாகவே வேலை செய்தன. ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் சிக்க வேண்டும்.

அன்றைய நியாயங்கள்

கிரெகரியின் தரப்பில் ஒரு வாதம் வலுவானது. மேற்கில் பல ஒன்றியங்களில் வரி வசூலே நடக்கவில்லை. நிலச்சுவான்தார்களே கடனில் மூழ்கியிருந்தார்கள். இல்லாத பணத்தை எல்லோருக்கும் எப்படிப் பங்கிடுவது? கேள்வி சரிதான். ஆனால் அந்தப் பணம் உள்ளூர் வரியிலிருந்தே வர வேண்டும் என்பது இயற்கை விதித்ததல்ல, லண்டன் முடிவு செய்தது. பஞ்சம் அடிக்காத இடத்திலிருந்து பஞ்சம் அடித்த இடத்துக்குப் பணம் போகக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டு, பிறகு பணமில்லை என்றார்கள். 1849ல் அயர்லாந்து ஒன்றியங்களின் மீது மட்டும் கூடுதல் வரி போட்டு மேற்குக்குக் கொடுக்க முனைந்தபோது, நிவாரண ஆணையத்தின் தலைவர் எட்வர்ட் ட்விஸல்டன் பதவி விலகினார். இந்தப் பொறுப்பு பேரரசு முழுவதற்கும் உரியது என்று கருதிய ஆங்கிலேய அதிகாரி அவர்.

பணப்பையின் கயிற்றைப் பிடித்திருந்த கருவூல உதவிச் செயலர் சார்லஸ் ட்ரெவிலியன், 1848 ஜனவரியிலேயே பஞ்சம் முடிந்த கதை என்பதுபோல ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்த ஏப்ரலில் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1859ல் மதராஸ் ஆளுநராக வந்தார். சென்னையின் பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சியில் உருவானது. நம் ஊர்ப் பூங்காவும் நம் ஊர் ஏரியும் இந்தக் கதையில் இப்படி வந்து சேர்கின்றன.

பதிவாகாதவர்கள்

1862ல் இந்தப் பிரிவைப் பாதி எடுத்தார்கள்: நிலம் வைத்திருப்பவர் விடுதிக்குள் சேரத் தடையில்லை என்றானது. வெளியே உணவு பெறுவதற்குத் தடை நீடித்தது.

1841ல் ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரையிலான நிலங்கள் 3,10,000க்கும் மேல் என்று கணக்கு. 1851ல் சுமார் 88,000. 30 ஏக்கருக்கு மேற்பட்டவை சுமார் 48,600லிருந்து 1,49,000 ஆயின. 1841 கணக்கில் நிலத்தை அளந்த முறை வேறு, அது சிறு நிலங்களைக் கூட்டிக் காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதைக் கழித்தாலும் சரிவின் திசை மாறாது. மக்கள்தொகை 65,52,385க்கு இறங்கியது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறினார்கள். இதில் கால் ஏக்கர் பிரிவின் பங்கு இவ்வளவு என்று தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

காவல்துறை வெளியேற்றங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1849ல். அந்த ஆண்டு முதல் 1854 வரை நிரந்தரமாக வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் என்று அந்தப் பதிவேடு சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகள் அதில் இல்லை. இன்னொரு கூட்டமும் இல்லை. ஒரு மூட்டை மாவுக்காகக் காரியஸ்தரின் வாசலில் நின்று, நிலத்தையும் வீட்டையும் தாங்களே ஒப்படைத்தவர்கள். அவர்கள் வீட்டுக்கு ஷெரிஃப் வரவில்லை, நீதிமன்ற ஆணை வரவில்லை. அதனால் அவர்களை யாரும் வெளியேற்றவில்லை என்றே பதிவு.